ஏட்டுப் பேழையும் இளைஞர் கையும்

(கோவையில், பழந்தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கத் துணைநிற்கும் இளைஞரிடையேயும் தமிழ் மன்றத்தாரிடையேயும் ஆற்றிய உரை)



பேச்சைத் தொடங்குமுன் என் பிழையொன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ள விரும்புகின்றேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நம் வட்டாரப் புலவர் சிலர் எழுதி அச்சேறாது கிடந்த கட்டுரைகளைத் திரட்டி, இரவெல்லாம் கண்விழித்துக் கணினியில் தட்டச்சுச் செய்தேன். "இனி இவற்றுக்கு அழிவில்லை" என்று இறுமாந்து, கையெழுத்துப் படிகளைப் பேணாது விட்டேன். அவற்றைச் செல் அரித்தது. அண்மையில் அக்கோப்பைத் திறந்தேன். ஐயகோ! திரை நிறையப் பொருளற்ற கீறல்கள்! அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்தது. நான் கையாண்ட எழுத்துரு வழக்கிழந்தது. அதனோடு என் உழைப்பும் ஊமையாயிற்று. நொய்யற்கரைக் கொடுமணலில் பானையோட்டில் கீறிய தமிழெழுத்து 2000 ஆண்டு கடந்தும் படிக்கக் கிடைக்கின்றது. நான் அடித்த எழுத்து இருபது ஆண்டு நிற்கவில்லை!

என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். குறியீடு மாற்றும் மென்பொருளில் அக்கோப்பை இட்டு, அரைமணியில் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றித் தந்தார். மகிழ்ந்தேன், உடனே நாணினேன். அவர் என்ன செய்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. நாளை அவர் வேலைதேடி வேற்றூர் சென்றால் நான் மீண்டும் குருடன்தானே? ஆகவே, இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே: செய்து கொடுப்பது உதவி, செய்யக் கற்றுக் கொடுப்பதே தொண்டு.

இத்தொண்டிற்கு முன்னோடிகள் உளர். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிசு நாட்டில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் ஊதியம் எதிர்பாராமல் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான துயரை நாம் அறிவோம். அம்மண்ணின் நூல்களைக் காக்க 2005-இல் ஈழத்து இளைஞர் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கினர். 2010-இல் இதே கோவையில் செம்மொழி மாநாடும் தமிழ் இணைய மாநாடும் ஒருங்கே நிகழ்ந்தன. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய ஏறத்தாழ 2000 நாட்டுடைமை நூல்களின் படிகள், தன்னார்வலர் முயற்சியால் விக்கிமூலத்தில் ஏறின.

நூலைப் படமெடுத்துவிட்டால் பணி முடிந்ததா? இல்லை. பக்கத்தின் படத்தை எழுத்துணரி படித்து எழுத்தாக்குகின்றது. ஆனால் அப்பொறிக்குத் தமிழறிவு இல்லை. தாளில் புள்ளி மங்கியிருந்தால் 'பல்' அதற்குப் 'பல' ஆகிவிடும். தமிழெண் ஒன்றைக் ககரமாகவும், இரண்டை உகரமாகவும், எட்டை அகரமாகவும் எழுதிவைக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை சுழிந்தும், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போன்ற கொம்போடும் நிற்கும். அவற்றைக் கண்டு பொறி தடுமாறுகின்றது. பொறியை இயக்கும் இளைஞரும் தடுமாறுகின்றார். நமக்கோ அவை பள்ளியில் பழகிய எழுத்துகள்!

இன்னுமொன்று கேளுங்கள். 'ஔவை' என்பதை ஔகாரம் இட்டு எழுதாமல், ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவை' என்று தட்டுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். நாளை ஒரு மாணவி ஔவையின் பெயரைத் தேடினால், பிழையாகத் தட்டப்பட்ட பக்கங்களில் ஔவை அகப்படமாட்டாள். நூல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

விக்கிமூலத்தில் ஒரு நல்ல முறை உண்டு. படமும் எழுத்தும் அருகருகே நிற்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தபின் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். அந்த இருவருள் ஒருவர் இளைஞராகவும் மற்றவர் புலவராகவும் இருத்தல் ஆகாதா? கொங்குநாட்டார்க்குத் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. பாவு மட்டும் துணியாகாது. ஊடையும் ஓட வேண்டும்.

மூத்தோரே! உங்களை வேண்டுகின்றேன். மன்றத்து நிலைப்பேழையின் திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்டு, "எவரிடமும் கொடேன்" என்பது காவலன்று. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளை எண்ணி இன்றும் வருந்துகின்றோம்; பூட்டிய பேழைக்குள் பொடியாகும் இதழ்களுக்கு நாளை யார் வருந்துவது? அகவை ஐம்பதைக் கடந்தபின் விசைப்பலகை பழகுவது இழுக்கன்று. கற்பித்தவன் கற்பதில் என்ன குறை?

இளைஞர்களே! உங்களையும் வேண்டுகின்றேன். "தள்ளுங்கள் ஐயா, நானே செய்கிறேன்" என்று விசைப்பலகையை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள். எங்கள் விரல் மெல்லத்தான் நகரும், பொறுத்திருங்கள். ஒவ்வொரு மன்றத்திலும் இருவருக்கேனும் முழுமையாகப் பயிற்சி தாருங்கள். நூலை நோகாமல் மின்வருடியில் வைக்கவும், ஒருங்குறியில் தட்டவும், கோப்பிற்கு நூற்பெயரும் ஆண்டும் விளங்கப் பெயரிடவும், மும்மூன்று படிகள் எடுத்து வெவ்வேறிடத்தில் காக்கவும் பழக்குங்கள். நாட்டுடைமையான நூலைத் தடையின்றி ஏற்றலாம். உரிமையுள்ள நூலுக்கு உரியவரிடம் எழுத்தால் இசைவு பெறுங்கள். மூலத்தாளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டா.

அடுத்த ஞாயிறு காலை என் பழைய இதழ்க்கட்டுகளுடன் நான் இங்கு வருவேன். எனக்கு அருகில் ஓர் இளைஞர் அமரட்டும். அவர் எனக்கு மின்வருடியைக் கற்பிக்கட்டும். நான் அவர்க்குப் பழைய எழுத்தைக் கற்பிப்பேன். மாலைக்குள் ஓரிதழ் முடிந்தாலும் போதும். மறுவாரம் அவர் வராவிடினும், அடுத்த இதழை நானே எடுப்பேன்.

வாழ்க தமிழ்! வளர்க இளையோர் தொண்டு!