பனிக் காலையில் ஸ்டார்ட் எடுக்காத வண்டி

(தோட்ட வாகனச் சாரதிகளுக்கான மாவட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சாரதி ஒருவர் ஆற்றிய உரை)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. 31 வருஷம் தோட்டத்து லொறியும் வேனும் ஓட்டினேன். தெரிந்ததைச் சொல்கிறேன், பிழை இருந்தால் இங்கே இருக்கிற மெக்கானிக் தம்பிமார் திருத்துங்கள்.

தை, மாசி வந்தால் நுவரெலியாப் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விடியும்போது புல்லெல்லாம் உப்புத் தூவினது மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். பள்ளத்து மலைகளில் கொழுந்து கருகிப் போகும். கனடாவில், ஐரோப்பாவில் இருக்கிற குளிரோடு பார்த்தால் இது சின்னக் குளிர்தான். ஆனால் அங்கே வண்டியை அந்தக் குளிருக்கென்றே தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது 30 வருஷத்துப் பழைய டொல்பின் வேன், ஒட்டுப்போட்ட லொறி. ராத்திரி அதற்கு மேலே ஒரு கூரைகூடக் கிடையாது.

ஒரு தை மாதம், விடியற்காலை 3 மணி இருக்கும். லயத்திலிருந்து ஒரு தம்பி டோர்ச் லைட்டோடு ஓடி வந்தார். “அண்ணே, அக்காவுக்கு வலி வந்துருச்சி. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு மருத்துவிச்சி சொல்றாங்க.” நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்டரி பலவீனமாக இருந்தது எனக்கு முதலே தெரியும். புதுசு வேண்டுமென்று ஒபீஸில் இரண்டு தடவை வாயால் கேட்டிருந்தேன். “அடுத்த மாசம் பார்ப்போம்” என்றார்கள். அதோடு அன்று மாலை வேனை மேட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். அது என் பிழை, யார் மேலும் போட முடியாது. ஆட்களைக் கூப்பிட்டு, வேனைத் திருப்பி, தள்ளி, ஸ்டார்ட் எடுக்க 40 நிமிஷம் போனது. அந்த அக்கா பிழைத்துக்கொண்டார். பிள்ளை பிழைக்கவில்லை. 40 நிமிஷம் முந்திப் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று டொக்டரிடம் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி ஸ்டார்ட் எடுக்கவில்லை என்றால் உடனே பொனெட்டைத் திறந்து கண்டதைக் கழற்றாதீர்கள். முதலில் சத்தத்தைக் கேளுங்கள்.

டக் டக் என்று மட்டும் கேட்கிறதா, அல்லது எஞ்சின் முனகி முனகி மெதுவாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் கரண்ட் பக்கம்தான் குறை. தண்ணீர் உறைகிற குளிரில் நல்ல பெட்டரியே தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். அதே நேரம் எஞ்சின் ஒயில் தேன் மாதிரி தடித்துப் போய், சுற்றுவதற்கு இன்னும் அதிக பலம் கேட்கும். பகலில் ஒழுங்காக ஸ்டார்ட் எடுக்கிற வண்டி விடியற்காலையில் காலை வாருவது இதனால்தான். ஒயில் மாற்றும்போது 20 டபிள்யூ 50 ஊற்றுகிறவர்கள், உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமென்றால் 15 டபிள்யூ 40க்கு மாறுங்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குறையக் குறையக் குளிரில் இளகலாக இருக்கும்.

ஆனாலும் பெட்டரியைப் பழி சொல்வதற்கு முன் டேர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். நான் பார்த்ததில் பாதி வண்டிக்கு வருத்தமே அதுதான். நெகட்டிவை முதலில் கழற்றி, சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். பூட்டும்போது நெகட்டிவ் கடைசி. எஞ்சினிலிருந்து செஸிக்குப் போகிற எர்த் வயரையும் ஆட்டிப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. பிறகு மீட்டரை வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பெட்டரியை மாற்றக் கேளுங்கள்.

எஞ்சின் விறுவிறு என்று சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகையே வரவில்லை என்றால் எஞ்சினுக்கு டீசல் போகவில்லை. பில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கும், இல்லாவிட்டால் எயார் பிடித்திருக்கும். அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தளர்த்தித் தண்ணீரை இறக்கிவிட்டு, மேலே உள்ள கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அடியுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது, காற்றை அமுக்குகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரம். கடற்கரையோடு பார்த்தால் இங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றும் குறைவு, எஞ்சினும் ஐஸ். அந்த நேரத்தில் கைகொடுப்பது ஹீட்டர் பிளக். நாலில் ஒன்று செத்தால் வண்டி நடுங்கி நடுங்கியாவது ஓடும். இரண்டு செத்தால் பனிக் காலையில் நம்பாதீர்கள். ஒவ்வொன்றாக வயரைக் கழற்றி மீட்டரில் பாருங்கள், நல்ல பிளக் 1 ஓம் அளவில் காட்டும், செத்தது ஒன்றும் காட்டாது. ஹீட் பண்ணிவிட்டு 10 செக்கனுக்கு மேல் ஸ்டார்ட்டரை அடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி அடியுங்கள்.

பெட்ரோல் வண்டி, மொறிஸ் மைனர் வைத்திருக்கிற அண்ணமாருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் குளிரைவிட ஈரம்தான் எதிரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே துடைத்துவிட்டு, சோக்கை இழுத்து அடித்துப் பாருங்கள்.

இனித் தள்ளி எடுக்கிற கதை. மலையில் இருக்கிறவன் வண்டியை இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்தவேண்டும். சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஆனால் உருட்டும்போது சாவி ஓனில் இருக்கவேண்டும். சாவியை எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், பம்புக்கும் டீசல் போகாது. எஞ்சின் ஓடாத நேரம் பிரேக் இரண்டு மிதிக்குத்தான் இலேசாக இருக்கும், பிறகு கல்லு மாதிரி இறுகிவிடும். அதனால் வளைவுக்கு முன்னால் உருட்டிப் பார்க்காதீர்கள். வண்டிக்குள் நோயாளியை ஏற்றிவிட்டு உருட்டவே உருட்டாதீர்கள். ஸ்டார்ட் எடுத்த பிறகு ஏற்றுங்கள்.

எஞ்சினுக்கு அடியில் துணியில் டீசல் நனைத்துக் கொளுத்துகிற பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். 24 வோல்ட் லொறியிலிருந்து 12 வோல்ட் வேனுக்கு வயர் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கொப்பி. நான் வாயால் கேட்டேன், அதனால் கேட்டதற்கு ஒரு சாட்சியும் இல்லை. பிறகு நடந்த விசாரணையில் “சாரதி எங்களுக்குச் சொல்லவே இல்லை” என்றார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறைப் புத்தகம் வைக்கச் சொல்லித் தோட்டத் தலைவர்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள். இல்லையென்றாலும் நீங்களே 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, திகதி போட்டு, வோல்ட் எவ்வளவு, என்ன கேட்டோம் என்று எழுதி, ஒபீஸில் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டோம் என்றால், மாட்டோம் என்றதையும் எழுதி, தலைவருக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

வெளியில் நிற்கிற டொல்பினை நேற்று மாலை 5 மணிக்கு நிறுத்தினது. இன்னும் யாரும் சாவியைத் தொடவில்லை. மீட்டர் என் பையில் இருக்கிறது. எத்தனை வோல்ட் இருக்கும் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லிவிட்டு வாருங்கள், போய்ப் பார்ப்போம். தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்.