பங்கீட்டில் நீதி இல்லையேல்... ஆச்சே மண் தரும் படிப்பினை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



போரின்றிக் கிடைத்த பொருளை யார் யாருக்குப் பங்கிட வேண்டும் என்று அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் விளக்குகிறது. அவ்விடத்திலேயே அப்பங்கீட்டின் காரணத்தையும் அது சொல்லிவிடுகிறது: செல்வம் வசதி படைத்தோருக்குள் மட்டுமே சுற்றிவரக் கூடாது. பூமிக்கடியில் கிடக்கும் எண்ணெயும் எரிவாயுவும் எந்த மனிதனும் உழைத்து உண்டாக்கியவை அல்ல. அவை அமானிதம். அந்த அமானிதம் பேணப்படாதபோது என்ன நேரும் என்பதற்கு இந்தோனேசியாவின் ஆச்சே ஒரு சான்று.

சுமத்ராத் தீவின் வடமுனையில் இருக்கிறது ஆச்சே. ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அத்தீவுகளின் மக்கள் கப்பலேறிய இடமாதலால் ‘மக்காவின் முற்றம்’ என்று பெயர் பெற்றது. 1607 முதல் 1636 வரை ஆண்ட சுல்தான் இஸ்கந்தர் மூதா காலத்தில் மிளகு வணிகத்தால் அது பெருவல்லரசாய் விளங்கியது. 1824-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட ஏற்பாட்டில் ஆச்சேயின் சுதந்திரம் மதிக்கப்பட்டது. 1871-இல் ஆங்கிலேயர் தம் ஆட்சேபத்தைக் கைவிட்டனர். 1873-இல் டச்சுப் படை வந்திறங்கியது. பந்தா ஆச்சேயின் பைத்துர் ரஹ்மான் பெரிய பள்ளிவாசல் தீக்கிரையானது. டச்சுத் தளபதி கோலர் அதன் அருகிலேயே சுடப்பட்டு மாண்டார். பின்னர், மக்களின் உள்ளத்தை வெல்லலாம் என்றெண்ணி டச்சு அரசே 1879-இல் அப்பள்ளியை மீண்டும் கட்டத் தொடங்கி 1881-இல் முடித்தது. ஆனால் போர் ஓயவில்லை. 1903-இல் சுல்தான் பணிந்த பிறகும் ஆலிம்களின் தலைமையில் எதிர்ப்பு நீடித்தது. நிலப்பிரபுக்களை அரவணைத்து ஆலிம்களை ஒடுக்கு என்ற அறிவுரையின்படி டச்சு அரசு நடந்தது. ஒரே சமூகத்துக்குள் விதைக்கப்பட்ட அப்பிளவு அந்நியர் போன பின்னும் இரத்தம் குடித்தது.

சகோதரர்களே! இந்தோனேசியா விடுதலைக்குப் போராடியபோது ஆச்சே மக்கள் பின்வாங்கவில்லை. 1948-இல் நகைகளையும் பணத்தையும் திரட்டிப் புதிய குடியரசுக்கு விமானம் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களின் மாகாணமே 1950-இல் வடக்கு சுமத்ராவோடு இணைக்கப்பட்டது. 1953-இல் தாவூத் பெரூவே தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. 1959-இல் ‘சிறப்புப் பகுதி’ என்ற தகுதி தரப்பட்டது. ஆயினும் அது பெரும்பாலும் ஏட்டிலேயே நின்றது.

1971-இல் லோக்சுமாவே அருகே அருண் எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. 1978-இல் திரவமாக்கப்பட்ட வாயு ஜப்பானுக்குக் கப்பலேறியது. வருவாய் ஜகார்த்தாவுக்குச் சென்றது. ஆலையின் வேலிக்கு உள்ளே ஒளிவெள்ளம். வெளியே கிராமங்களில் வறுமை. 1976 டிசம்பர் 4 அன்று, டச்சுக்காரரை எதிர்த்த ஆலிம் தெங்கு சிக் தி திரோவின் வழித்தோன்றலான ஹசன் தி திரோ தனிநாட்டுப் பிரகடனம் செய்தார். தொடக்கத்தில் அவருடன் நின்றது சிறு கூட்டமே. 1989 முதல் 1998 வரை ஆச்சே இராணுவ நடவடிக்கைப் பகுதியாக வைக்கப்பட்டது. கொலையும் சித்திரவதையும் மலிந்தன. தந்தையை இழந்த பிள்ளைகளால் அந்தச் சிறு கூட்டம் பெரும்படையானது.

எரிவாயு நிலையங்களைக் காத்த படையினர் தம்மைக் கொடுமை செய்தனர் என்று சில கிராமத்தார் 2001-இல் எக்ஸான் மொபில் நிறுவனத்தின்மீது அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அது சமரச உடன்பாட்டில் முடிந்தது 2023-இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள்!

நீதியோடு ஒரு பக்கத்தை மட்டும் பேசுவது நமக்கு ஹராம். கிளர்ச்சியாளர்களும் கட்டாய வரி வசூலித்தார்கள். ஜாவாவிலிருந்து குடியேறிய ஏழைகளை மிரட்டி விரட்டினார்கள். சுட்டவனும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதான். சுடப்பட்டவனும் அதே கிப்லாவை நோக்கித் தொழுதான். சுமார் 15,000 உயிர்கள் போயின.

அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது தோழர்கள் வியந்து விளக்கம் கேட்டார்கள். அவனுடைய கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அண்ணலார் தெளிவுபடுத்தினார்கள். ஆச்சேயில் அந்தக் கையைத் தடுப்பார் நெடுங்காலம் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியது. நம் நாகப்பட்டினத்தைத் துடைத்தெடுத்த அதே பேரலை, ஆச்சேயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அடுத்த மாதமே ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அத்திசாரி நடுவராக இருக்க, பேச்சு தொடங்கியது. 2005 ஆகஸ்ட் 15-இல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளர்ச்சியாளர்கள் தனிநாட்டுக் கோரிக்கையை விட்டார்கள். 840 ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அரசு வெளிப்படைகளைத் திரும்ப அழைத்தது, பொதுமன்னிப்பு வழங்கியது, உள்ளூர்க் கட்சிகளை அனுமதித்தது, எண்ணெய், எரிவாயு வருவாயில் 70 விழுக்காடு ஆச்சேவுக்கே என ஏற்றது. போரிடும் இரு சாராரிடையே நீதியுடன் சமாதானம் செய்யுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 9-ஆம் வசனம் ஏவுகிறதே, அதில் ‘நீதியுடன்’ என்ற நிபந்தனையை மறவாதீர்கள். பங்கு சரிசெய்யப்படாத சமாதானம் நிலைப்பதில்லை.

ஆயினும் சோதனை அத்துடன் முடியவில்லை. அருண் வயல் வற்றியது. 2014-இல் கடைசிக் கப்பல் புறப்பட்டது. வாயுவை அனுப்பிய அதே துறைமுகம் 2015 முதல் வெளியிலிருந்து வாயுவை இறக்கும் இடமாயிற்று. கிளர்ச்சி இயக்கத்திலிருந்து வந்து ஆளுநரானவரே, சிறப்புத் தன்னாட்சி நிதி தொடர்பான இலஞ்ச வழக்கில் 2019-இல் தண்டிக்கப்பட்டார். செல்வம் ஜகார்த்தாவில் தேங்கினாலும் அநீதிதான்; பந்தா ஆச்சேயில் தேங்கினாலும் அநீதிதான்.

வாசகப் பெருமக்களே! நம்மிடம் எண்ணெய்க் கிணறு இல்லை. ஆனால் தந்தை விட்டுச் சென்ற வீடு இருக்கிறது. அதில் சகோதரிக்கு அல்லாஹ் விதித்த பங்கைக் கொடுத்தோமா? திருமணச் செலவைக் காட்டி அவள் வாயை அடைத்தோமா? ஜமாஅத்தில் வக்ஃபுச் சொத்து இருக்கிறது. அதன் வாடகைக் கணக்கைக் கேட்டவனுக்குக் கணக்கைக் காட்டினோமா, ‘குழப்பக்காரன்’ என்று பெயர் சூட்டினோமா? கேட்டவனை ஒதுக்கிவைத்தால் கேள்வி மறைவதில்லை. அது பகையாகிப் பேரப்பிள்ளைகள் வரை வளர்கிறது. ஆச்சேயிலும் அது அப்படித்தான் தொடங்கியது.

இந்த வாரமே வீட்டில் அமர்ந்து, கொடுக்கப்படாத பங்கு ஏதேனும் உண்டா என்று கணக்குப் பாருங்கள். இருந்தால், கேட்கப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நல்லோராக நம்மையும் நம் சந்ததிகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.