முப்பது நாளில் முடிகிற நோயா?



குடிநோய் சிகிச்சையின் வெற்றி தோல்வியை எதைக் கொண்டு தீர்மானிக்கிறோம் என்பதிலிருந்து இந்தக் கருத்தரங்கு தொடங்கட்டும். ரத்த அழுத்தக்காரர் மாத்திரையை நிறுத்தி, அழுத்தம் மறுபடி ஏறினால், மாத்திரை அதுவரை வேலை செய்தது என்கிறோம். மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியவர் ஆறு மாதம் கழித்துக் குடித்தாலோ, சிகிச்சையே வீண் என்கிறோம். மெக்லெலனும் உடன் மூவரும் 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரை இந்த முரணைத்தான் போட்டு உடைத்தது. சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் 40 முதல் 60 விழுக்காட்டினர் போதைக்குத் திரும்புகிறார்கள். ஆஸ்துமாவும் ரத்த அழுத்தமும் மீண்டும் தலைதூக்கும் விகிதம் இதற்குக் குறைந்ததல்ல. பிழை மருந்தில் மட்டும் இல்லை, நீண்டகால நோய்க்கு நாம் வைத்திருக்கும் குறுகியகாலக் கணக்கிலும் இருக்கிறது.

குடியை நிறுத்தியதும் வரும் கை நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வது, இவற்றை மருந்தும் தயமின் ஊசியும் கொண்டு ஓரிரு வாரத்தில் கடத்திவிடலாம். வேட்கை அப்படிப் போவதில்லை. அதற்குத்தான் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும், குடும்பத்தோடு சேர்ந்த ஆலோசனையும், மாதக்கணக்கில் தொடரும் மறுபரிசோதனையும். 1948-இல் டென்மார்க்கில் அறிமுகமான டைசல்ஃபிராமும் பயன்படும், நோயாளி அறிந்து, சம்மதித்துச் சாப்பிட்டால். அது ஈரலில் ஒரு நொதியைத் தடுக்கிறது. பிறகு குடித்தால் அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ‘அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்’ என்று பொடி விற்பவர்களின் பொட்டலத்தில் இது இருந்தால், இதயநோய் உள்ளவர் உயிருக்கே ஆபத்து. அந்த வியாபாரத்தைப் பற்றி நம் துறை இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

நோய் என்றால் பொறுப்பு போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளியிடம் நாம் எதிர்பார்க்கும் பொறுப்பு குறைவா என்ன? இதைவிடக் கூர்மையான மறுப்பு வியட்நாமிலிருந்து வருகிறது. அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் போர்வீரர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பியதும் சிகிச்சையின்றியே விட்டுவிட்டதை ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970-களில் கண்டறிந்தார். அப்படியானால் இது நாள்பட்ட நோய்தானா? அந்த வீரர்கள் போதை கிடைத்த இடத்தையும், அதைத் தேடவைத்த போரையும் ஒருசேரப் பின்னால் விட்டு வந்தவர்கள். நம் புறநோயாளி திரும்பிப் போவது அதே தெருவுக்கு, அதே கடை வாசலுக்கு, அதே கடனுக்கு. சிகிச்சையில்லாமலே மீள்பவர்கள் நிறைய உண்டு. மருத்துவமனைக்கு வந்து சேர்பவர்கள் பெரும்பாலும் அப்படி மீள முடியாதவர்கள். ஆக, ராபின்ஸின் ஆய்வு நோய்க் கருத்தைத் தகர்க்கவில்லை. சூழலையும் சிகிச்சைக்குள் கொண்டுவரச் சொல்கிறது.

எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய தேசிய ஆய்வின் 2019 அறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார்.  தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டு போகிறது. நாள்பட்ட நோய்க்கு எப்படித் தொடர்ந்து வைத்தியம் செய்வது என்று அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. குடிநோயாளியின் மறுபரிசோதனையை அந்த ஏற்பாட்டில் சேர்க்க என்ன தடை, எந்த மருந்தைக் களப்பணியாளர் கையில் நம்பிக் கொடுக்கலாம், எதற்கு ஈரல் பரிசோதனை முதலில் வேண்டும் என்பதை இந்த இரண்டு நாள் அமர்வுகளில் எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.