தூண்டிவிட்டவன் எங்கே?
(படிப்பகக் கூட்டத்தில் பேசியது)

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் வூக் 1951-ல் எழுதிய ‘கெயின் மியூட்டினி’ நாவலைப் படித்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்தார்கள். யுத்தகாலம், பசிபிக் கடலில் புயல். கேப்டன் குவீக் நிலைகுலைகிறான். துணை அதிகாரி மாரிக் பொறுப்பைப் பறிக்கிறான். ராணுவ நீதிமன்றம் அவனை விடுதலை செய்கிறது.

கப்பலைக் காத்தான், சரியே என்பது ஒரு கட்சி. கட்டுப்பாடு குலைந்தால் கப்பல் ஏது என்பது மறு கட்சி. வாதாடிய வக்கீலே கடைசியில் கேப்டனுக்காகப் பரிந்து பேசுவது பலருக்குக் கசந்தது.

எனக்கு உறைத்தது வேறு. மாரிக்கைத் தூண்டிவிட்ட கீஃபர், சாட்சி சொல்லும்போது அவனைக் கைவிட்டான். வக்கீல் அவன் முகத்தில் மதுவை வீசினான்.

வேலைநிறுத்தத்துக்குக் கை தூக்கச் சொல்லிவிட்டு விசாரணையன்று மறைகிறவனை நாம் பார்த்ததில்லையா? கேப்டனைவிட அவனிடமே அதிக ஜாக்கிரதை வேண்டும், தோழர்களே!