கடதாசியில் பிரிந்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

(மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சம்பளம் பற்றிப் பேசப் போவதில்லை. லயத்துக்குள் பிரிந்து போகும் குடும்பங்களைப் பற்றியும், நடுவில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறோம்.

புருசன் பெண்சாதிக்குள் சண்டை என்றால் கோயிலடியில் பேசுகிறோம். ஒத்து வராவிட்டால் முத்திரை ஒட்டிய கடதாசியில் "இனி எங்களுக்குள் சம்பந்தம் இல்லை, பிள்ளைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்குகிறோம். எங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாயிடம் அப்படித்தான் எழுதி வாங்கினார்கள். தகப்பன் வேறு குடும்பம் நடத்துகிறார். தாயின் ஒற்றைப் பேரில் மூன்று பிள்ளைகள். அந்தக் கடதாசியில் சாட்சிக் கையெழுத்து வைத்தவர்களில் நம் சங்கத் தலைவரும் ஒருவர். நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். ஆனாலும் பிழை நம்முடையது.

அந்தக் கடதாசி விவாகரத்து அல்ல. பதிவுத் திருமணத்தை மாவட்ட நீதிமன்றம்தான் பிரிக்க முடியும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களையே சொல்கிறது: திருமணத்துக்குப் பின் பிறருடன் தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மை அல்லது பெண்மைக் குறைபாடு. இருவரும் சம்மதித்தோம் என்பது மட்டும் காரணமாகாது. அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு ஓடிய பெண்ணையே "நீதான் விட்டுப் போனாய்" என்று சொல்கிறார்கள். பயந்து விடாதீர்கள். அவளை அப்படி விரட்டியவரே கைவிட்டவர் என்று வழக்கில் வாதாட இடமுண்டு.

தீர்ப்பும் ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை வரும். குறைந்தது மூன்று மாதம் கழித்தே அது முடிவான தீர்ப்பாணை ஆகும். அதற்கு முன் மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். பிள்ளைகள் யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பதையும் அந்த வழக்கிலேயே கேளுங்கள். பிள்ளையின் நலனே அங்கே பெரிது.

இன்னொன்றை முக்கியமாக மனதில் வையுங்கள். பிள்ளைச் செலவு கேட்க விவாகரத்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். 18 வயது வரை பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 25 வயது வரையிலும் கேட்கலாம். கலியாணம் பதியாவிட்டாலும் தகப்பன் இன்னார் என்று நிரூபித்தால் போதும். கட்டாவிட்டால் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தாய் எழுதிக் கொடுத்த கடதாசி பிள்ளையின் வயிற்றுக்குப் பூட்டுப் போடாது.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போவோம். விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பெரட்டு முடிந்த பிறகு வாருங்கள், விண்ணப்பம் நாங்கள் எழுதித் தருகிறோம்.

தலைவர்மாரிடம் ஒரு வேண்டுகோள். சமாதானம் பேசுங்கள், அது நம் கடமை. ஆனால் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கும் கடதாசியில் இனி நம்மில் ஒருவரும் சாட்சி வைக்கக் கூடாது. அந்தத் தாயோடு அடுத்த தவணைக்கு நாங்களும் நீதிமன்றம் போகிறோம்.