வீட்டிலேயே பனம்பாணி காய்ச்சுவோம்



ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் பகல் வெக்கை தாங்க முடியாது. வளவு துப்புரவாக்கிவிட்டு வருகிறவர்களுக்கும், பள்ளிக்கூடத்தால் வருகிற பிள்ளைகளுக்கும் குளிர்மையாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கும் சோடாவுக்கும் சீனிக்கும் கையிலுள்ள சிறு காசு கரைந்துவிடும். ஆனால் நமது மண்ணில் பனை நிற்கிறது. பனம்பாணி காய்ச்சும் முறையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஏன் பாணி என்று கேட்பீர்கள். பனங்கட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் இலகுவில் கரையாது, அடியில் கிடக்கும். பாணியோ ஊற்றிக் கலக்கியவுடன் சேர்ந்துவிடும். ஒருமுறை காய்ச்சி வைத்தால், ஒவ்வொரு முறையும் அடுப்பு மூட்டத் தேவையில்லை. விறகும் மிச்சம்.

முதலில் இலகுவான முறை. கருப்பநீர் கிடைக்காதவர்கள் பனங்கட்டியில் செய்யலாம். குட்டானில் வரும் பனங்கட்டி அரைக் கிலோ எடுத்துத் தட்டி உடையுங்கள். கால் லீற்றர் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் கரையுங்கள். மண்ணும் தும்பும் இருக்கும். ஆகவே சுத்தமான துணியில் வடியுங்கள். வடித்ததைத் திரும்பவும் அடுப்பில் வைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். ஏறக்குறைய முக்கால் போத்தல் பாணி கிடைக்கும்.

அடுத்தது கருப்பநீரில் காய்ச்சும் முறை. இதைத் தொடங்க முன்னர் ஒரு விடயத்தைக் கவனமாகக் கேளுங்கள். பனங்காணிகள் பல வருடமாக ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தவை. மிதிவெடி அகற்றி முடிந்தது என்று உங்களுக்கு அறிவிக்கப்படாத காணிக்குள் பாளை பார்க்கவோ, ஓலை எடுக்கவோ, விறகு பொறுக்கவோ போகாதீர்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஒரு போத்தல் பாணிக்காக ஒரு காலை இழக்கக் கூடாது.

பனை ஏறுவதும் பழகியவர்களின் வேலை. உங்கள் ஊருக்குத் திரும்பிய சீவல் தொழிலாளர்களிடம் பேசுங்கள். கூலியா, பங்கா என்பதை முன்னரே தீர்மானியுங்கள். அவர்களுக்கும் அது திரும்பத் தொடங்கும் பிழைப்பு.

கருப்பநீர் இறக்கும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அது நீர் புளித்துக் கள்ளாகாமல் காக்கும். விடிய இறக்கியதை அன்று காலையே காய்ச்ச வேண்டும். புளித்த மணம் வந்தால் பாணிக்கு உதவாது. இளஞ்சூடாக்கி, சிறிது நேரம் அடையவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கலக்காமல், தெளிந்த நீரை மட்டும் துணியில் வடித்தெடுங்கள்.

அகன்ற தாச்சியில் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். நுரை பொங்கும்போது அகப்பையால் அள்ளி அகற்றுங்கள். மிகவும் பொங்கினால் சில துளி தேங்காயெண்ணெய் விட்டால் அடங்கும். நீர் வற்ற வற்ற நெருப்பைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் துழாவுங்கள். ஒரு சொட்டை எடுத்து ஆறவிட்டு, இரண்டு விரலால் தொட்டு இழுத்துப் பாருங்கள். மெல்லிய ஒற்றைக் கம்பி வந்தால் பதம் சரி. இன்னும் வற்றவிட்டால் கட்டியாகிவிடும். முன்னரே இறக்கினால் சில நாளில் புளித்துவிடும். எட்டுப் போத்தல் கருப்பநீருக்கு ஏறக்குறைய ஒரு போத்தல் பாணி வரும்.

கொதிக்கும் பாணி தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சிறுபிள்ளைகளை அடுப்பருகே விடாதீர்கள். சுட்டுவிட்டால் உடனே சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள். பற்பசை, எண்ணெய் பூசாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கண்ணாடிப் போத்தலையும் மூடியையும் பத்து நிமிடம் அவித்து, ஈரம் இல்லாமல் உலரவிட்டு, பாணியைச் சூட்டோடு ஊற்றி மூடுங்கள். எறும்பு வராமல் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். நுரைத்தாலோ பூஞ்சணம் பிடித்தாலோ வீசிவிடுங்கள்.

இனி குடிக்கும் முறை. ஒரு தம்ளர் தண்ணீருக்குப் பாதித் தேசிக்காய்ப் புளி, ஒரு மேசைக்கரண்டி பாணி, ஒரு சிட்டிகை உப்பு. மோரிலும், மசித்த விளாம்பழத்திலும் இதே அளவு போதும். ஐஸ் தேவையில்லை, மண்பானைத் தண்ணீரே குளிர்மை தரும். ஆனால் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்க வேண்டும். நீண்டகாலம் பாவியாத கிணற்றை இறைத்து, துப்புரவாக்கி, குளோரின் இட்ட பிறகே பாவியுங்கள். பாணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அழுக்குத் தண்ணீர் வயிற்றோட்டத்தைத்தான் தரும்.

வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குப் பாணித் தண்ணீர் மருந்தல்ல. ஜீவனிப் பொதியை, அதில் சொல்லியபடி கரைத்துக் கொடுங்கள். சோர்ந்தால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அதேபோல, இயற்கையானது என்பதற்காகச் சலரோகம் உள்ளவர்கள் இதை நம்பிக் குடிக்கக் கூடாது. பாணியும் சீனிதான், சீனியைப் போலவே இரத்தத்தில் ஏறும்.

முதலில் ஒரு போத்தல் காய்ச்சிப் பாருங்கள். கைவந்த பிறகு நாலு வீட்டார் சேர்ந்து ஒரே அடுப்பில் காய்ச்சலாம். மிஞ்சுவதை விற்க விரும்பினால், உங்கள் பகுதிப் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்திடமும், 1978 முதல் இயங்கும் பனை அபிவிருத்திச் சபையிடமும் விசாரியுங்கள்.

உங்கள் கொட்டிலுக்கு முதல் வரும் விருந்தாளிக்கு, உங்கள் ஊர்ப் பாணியில் ஒரு தம்ளர் தேசிக்காய்த் தண்ணீர் கொடுங்கள்.