வீட்டுக்கேற்ற மாவு எந்திரம்



எங்கள் குருவிநத்தம் தென்பெண்ணையாற்றை அடுத்த நெல் விளையும் ஊர். கோதுமை இங்கு விளைவதில்லை. ஆயினும், 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் அவர்கள் பழக்கிய ரொட்டி புதுவையை விட்டுப் போகவில்லை. அந்த ரொட்டிக்கு வேண்டிய மாவை வீட்டிலேயே அரைக்க இன்று சிலர் விரும்புகின்றனர். எந்த எந்திரத்தை வாங்குவது? எந்திரத்தை அறியுமுன் தானியத்தை அறிதல் வேண்டும்.

கோதுமை மணியில் தவிடு, மாப்பொருள், முளை என மூன்று பகுதிகள் உண்டு. எடையில் ஏறக்குறைய 83 விழுக்காடு மாப்பொருளே. முளை 3 விழுக்காட்டளவே. எனினும் எண்ணெயும் வைட்டமின்களும் அதில் செறிந்துள்ளன. தவிடும் முளையும் நீக்கப்பட்ட மைதா நெடுநாள் இருக்கும். முழு மாவிலோ அந்த எண்ணெய் காற்றுப்பட்டுக் காறிவிடும். ஆகவே வேண்டும்போது வேண்டிய அளவே அரைப்பது நலம்.

மாவைப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் வலைபோல் இழைகிறது. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவை அவ்வலை பிடித்து வைப்பதால் ரொட்டி உப்புகிறது. தவிடு கரடாக இருப்பின் வலை அறுபடும், ரொட்டி கல்லாகிவிடும். எனவே எந்திரம் மென்மையாக அரைக்க வேண்டும்.

நம் பாட்டிமார் சுற்றிய திருகையில் மாவு அதிகம் சூடேறாது. ஆனால் நைசான மாவு வேண்டுமாயின் சலித்துச் சலித்து மீண்டும் அரைக்க வேண்டும். மேசையில் பொருத்தும் எஃகுக் கை எந்திரம் ரவைக்கு ஏற்றது. மின் எந்திரங்களில் ஒருவகை, இரு கற்களுக்கிடையே அரைப்பது. மற்றொன்று, எஃகுத் தகடுகளால் அடித்துப் பொடியாக்கிச் சல்லடை வழியே தள்ளுவது. அதில் சல்லடையை மாற்றி நயத்தை மாற்றலாம். வாங்குமுன் ஒரு பிடி கோதுமையை அரைக்கச் சொல்லி, மாவை விரலிடையே தேய்த்துப் பாருங்கள். சூட்டையும் இரைச்சலையும் கவனியுங்கள். உட்புறத்தைத் துடைக்க இயலுமா என்றும் பாருங்கள்.

இன்னொரு வினாவைப் பலரும் கேட்பதில்லை. எந்திரத்தைச் சுற்றப்போவது யார்? மின்சாரச் செலவில்லை என்று மகிழ்ந்து கைத்திருகையை வாங்குகிறோம். அதைச் சுற்றுவது பெரும்பாலும் தாயின் கையே. அவ்வுழைப்பும் விலைதான், கடைச்சீட்டில் அது எழுதப்படுவதில்லை. நாள்தோறும் அரைக்கும் இல்லத்துக்கு மின் எந்திரம் தகும். எப்போதாவது ரொட்டி சுடும் இல்லத்துக்கு ஊர் மாவு மில்லே போதும். கைத்திருகைதான் வேண்டுமென்று எவரேனும் கூறினால், முதல் படி கோதுமையை அவரே அரைக்கட்டும்.